‘ஏசோக்’: ஆறு நிமிடப் படமும் ஒரு வெற்றுத் தாளும்

1

என் கணவர் இறந்து ஓராண்டு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, குளுவாங்கில் எங்கள் தமிழர் மன்றக் கூடத்தில் நாற்பத்திரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வருகைப் பதிவேடு என் கையில்தான் இருந்தது. எண்ணிக்கையில் பிழை கிடையாது.

சரியாகச் சொன்னால், திரையைப் பார்த்துச் சிரித்தார்கள். திரையில் நான் இருந்தேன். என் மகள் ஜெனி வரைந்த ஆறு நிமிடக் கார்ட்டூன் படம் அது. ஜெனி ஜொகூர் பாருவில் வீடெடுத்துத் தங்கியிருக்கிறாள். விடியுமுன் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போய், ஒரு விளம்பர நிறுவனத்தில் சோப்புக்கும் நூடுல்ஸுக்கும் கைகால் முளைக்க வைக்கிறாள். மிச்ச நேரத்தில் ஓராண்டு உட்கார்ந்து அப்பாவின் நினைவாக இதைச் செய்திருக்கிறாள். காலையில் தேவாலயத்தில் பூசை, மதியம் கூடத்தில் பிரியாணி, பிரியாணிக்குப் பிறகு படம்.

படத்தின் பெயர் ‘ஏசோக்’. மலாயில் ‘நாளைக்கு’ என்று பொருள். கதை சுருக்கமானது. ஒரு தோட்டத்து வீடு. பூசணிக்காய் போல ஒரு மனைவி. தலைமுடி ஒவ்வொன்றும் ஒரு திசையில் நிற்கிறது. ஒரு கையில் கரண்டி, மறு கையில் ஒரு தாள். ஈர்க்குச்சி போல ஒரு கணவர், இடுப்பில் சாரமும் முகத்தில் மீசையும். அந்தத் தாளில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிகிறார், உர மூட்டைக்குள் ஒளிகிறார், கோழிக்கூட்டில் முட்டைமேல் உட்கார்ந்து அடைகாக்கிறார். ஒவ்வொரு முறையும் தலையை மட்டும் வெளியே நீட்டி ஒரே ஒரு சொல்லைச் சொல்கிறார்: “ஏசோக்.” பிறகு ரம்புத்தான் மரத்தில் ஏறிக்கொள்கிறார். மனைவி கீழே நின்று அழுகிறாள். குழாய் உடைந்தது போல இரு பக்கமும் கண்ணீர் பீய்ச்சுகிறது, கோழிகள் நீந்துகின்றன, பக்கத்து வீட்டுப் பூச்சட்டிகள் துளிர்க்கின்றன. ஆண்டுகள் ஓடி இருவருக்கும் தலை நரைக்கிறது. கடைசிக் காட்சியில் கணவர் சுவரில், மாலை போட்ட புகைப்படமாக. மனைவி அதே தாளோடு வந்து நிற்கிறாள். புகைப்படத்தின் மீசை அசைகிறது: “ஏசோக்.”

கூடம் அதிர்ந்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் அழவும் செய்தார்கள். ஈர்க்குச்சியாக வரையப்பட்டவர் அச்சு அசலாக என் கணவர் அருள்தாஸ். அந்தச் சொல்லை அவர் அப்படித்தான் சொல்வார், கடைசி எழுத்தை விழுங்கி.

கோழிகள் நீந்தியபோது நானும் சிரித்தேன். இதையும் பதிவு செய்துவிட வேண்டும்.

மூன்றாம் நாள் மன்றத்துக்கு எழுத்து மூலம் ஒரு புகார் வந்தது. எழுதியவர் புஷ்பா, தமிழ்ப்பள்ளி ஆசிரியை, எங்கள் செயற்குழு உறுப்பினர். படம் பெண்களை இழிவுபடுத்துகிறது, மன்றம் அதற்குத் துணைபோகக் கூடாது என்பது சாரம். எழுத்து மூலம் வரும் புகாரைப் பதினான்கு நாளுக்குள் செயற்குழு விசாரிக்க வேண்டும் என்பது எங்கள் சட்டவிதி. அந்த விதியை எழுதியவள் செயலாளராகிய நான்.

சாதாரண நாளில் இது தேநீரோடு முடிந்திருக்கும். ஆனால் ஜெனி அந்தப் படத்தைக் கோலாலம்பூரில் ஒரு போட்டிக்கு அனுப்ப இருந்தாள். அதற்கு இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று, ஓர் அமைப்பின் பரிந்துரைக் கடிதம். மற்றது, படத்தில் காட்டப்படுபவர் உயிரோடிருந்தால் அவருடைய ஒப்புதல் கையெழுத்து. இரண்டும் இரண்டாவது வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும். முதல் தாளை மன்றம் முடிவு செய்யும். இரண்டாவது என்னுடையது. உயிரோடிருப்பதில் இப்படிச் சில கடமைகள் உண்டு.

2

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பாளையங்கோட்டைக்காரி. பொருளாதாரத்தில் எம்.ஏ. என் அப்பா பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். எந்தத் தாளுக்கும் இரண்டு நகல் எடு, கொடுத்ததற்கு ரசீது வாங்கு என்பது எங்கள் வீட்டில் ஜெபத்துக்கு அடுத்தபடி. காஹாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவருக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். கிராணி என்றால் தோட்ட அலுவலக எழுத்தர். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. எழுத்தருக்கு எழுத்தர் வீடு.

வந்த முதல் வாரத்தில், திருமணத்தை இந்த நாட்டில் எப்போது பதிவு செய்யப் போகிறோம் என்று அவரிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “ஏசோக்” என்றார்.

எங்கள் ஊரில் ஏசுவது என்றால் திட்டுவது. நான் திட்டுகிறேன் என்று சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“நான் எப்பம் ஏசுனேன்? கேக்கத்தான செஞ்சேன்?” என்றேன்.

அவர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அன்று மாலையே தோட்டம் முழுக்க அது பரவிவிட்டது. தொழிலாளர் லயத்துப் பெண்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “கிராணியம்மா, நீங்க ஏசலியாமே?” என்று கேட்டார்கள். என் பெயர் எஸ்தர் என்பதே பலருக்குத் தெரியாது. மொழி தெரியாமல் நான் செய்த முதல் பிழை, என் கணவர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன நகைச்சுவையாக ஆனது. கல்யாண வீடுகளில் சொன்னார். மருத்துவமனையில் சாவதற்கு நான்கு நாள் முன்பு தாதியிடம் சொன்னார். அவளும் சிரித்தாள்.

நகைச்சுவையில் பிறகு ஒரு வசதி சேர்ந்தது. எதைக் கேட்டாலும் அந்தச் சொல் வரும். கேட்டவள் மறுபடி கேட்டால், “பாத்தீங்களா, ஏசுறா” என்பார். முன்னால் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

3

வெளிநாட்டு மனைவிக்கு இங்கே தங்குவதற்கு ஆண்டுதோறும் அனுமதி புதுப்பிக்க வேண்டும். அந்தக் காலத்தில் எனக்கு இருந்த நிலை அது. விண்ணப்பப் பாரத்தில் தொழில் என்று ஒரு கட்டம். அதில் ‘சூரி ரூமா’ என்று எழுதச் சொன்னார்கள். மலாயில் இல்லத்தரசி. எங்கள் ஊரில் சூரி என்றால் கத்தி. எம்.ஏ. படித்தவள் சில ஆண்டுகள் கத்தியாக இருந்தேன்.

புதுப்பிக்க இரண்டு வேண்டும்: கணவரின் கையெழுத்து, கணவரின் உடல். இரண்டையும் கவுண்டருக்குக் கொண்டுவர வேண்டும். தோட்டத்திலிருந்து ஜொகூர் பாருவுக்கு இரண்டு மணி நேரம். கவுண்டரில் இருந்தவர்கள் என்னிடம் ஒருபோதும் கடுமையாகப் பேசியதில்லை. “சுவாமி மானா?” என்று மட்டும் கேட்பார்கள். கணவர் எங்கே என்று அர்த்தம். பிரசங்க மேடையில் கேட்கப்பட வேண்டிய கேள்வி என்று எனக்குத் தோன்றும்.

கணவர் கடைசி நாளில்தான் வருவார். ஒரு மாதம் முன்பே பாரத்தை நிரப்பி, படம் ஒட்டி, நகல் எடுத்து வைத்திருப்பேன். சமையலறையில் கேட்பேன், முற்றத்தில் கேட்பேன், அவர் நண்பர்கள் இருக்கும்போது கேட்பேன். ஏசோக், ஏசோக், ஏசோக். அவர் என்னை அடித்ததில்லை. குடித்ததில்லை. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்தார். நியாயமாக எழுத வேண்டும் என்பதால் இதையெல்லாம் எழுதுகிறேன்.

ஜெனிக்கு ஐந்து வயதானபோது ஓர் ஆண்டு, அனுமதி முடியும் நாளுக்கு மறுநாள் பொது விடுமுறை. அதனால் கடைசி நாள் உண்மையாகவே கடைசி நாள். அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குத் தோட்ட மருத்துவமனையில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் தனராஜ், என் கணவரின் நெருங்கிய நண்பர், மோட்டார் சைக்கிளில் வாசலுக்கு வந்தார். எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. தோட்ட அலுவலகத்தில்தான் இருந்தது.

“தங்கச்சி, ஊர்லருந்து போன். ஒங்கப்பாவுக்கு ரொம்ப முடியலயாம். ஒடனே பொறப்பட்டு வரச் சொல்றாங்க.”

அடுப்பில் குழம்பு இருந்தது. கையில் கரண்டி இருந்ததை நான் கவனிக்கவில்லை. அலமாரியிலிருந்து பாரத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். சாப்பாட்டுக்கு வந்திருந்த கணவர் ரம்புத்தான் மரத்தில் ஏறிப் பழம் பறித்து ஜெனிக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது கிளம்பினால் மூன்று மணிக்குள் கவுண்டருக்குப் போய்விடலாம். புதுப்பித்துவிட்டால் மறுநாள் விமானம் ஏறலாம்.

“அப்பாவுக்கு முடியலையாம். எறங்கி வாங்க. ஒரு கையெழுத்துதானங்க, எறங்கி வாங்க” என்றேன்.

மேலே இலைகளுக்குள்ளிருந்து அந்தச் சொல் வந்தது. நான் அழுதேன். அவர் இன்னும் மேலே ஏறினார். ஜெனி பாவாடையில் பழத்தை ஏந்திக்கொண்டு சிரித்தாள். அதை விளையாட்டு என்று அவள் நம்பியிருக்க வேண்டும். அப்பா மரத்தில், அம்மா கரண்டியோடு.

இரண்டு மணிக்கு இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். விடுமுறை கழிந்து அடுத்த நாள் பேசாமல் வந்து கையெழுத்துப் போட்டார். அதற்குள் என் அனுமதி காலாவதி. காலாவதியானவள் நாட்டைவிட்டு வெளியேறவும் தனி அனுமதி வேண்டும். அபராதம், விளக்கக் கடிதம், காத்திருப்பு. ஒன்பதாம் நாள் பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தேன். அப்பாவை மூன்றாம் நாளே அடக்கம் செய்திருந்தார்கள். கல்லறையில் சிமெண்டு காய்ந்திருந்தது.

திரும்பி வந்து என்ன செய்தேன்? நடைமுறைகளைக் கற்றுக்கொண்டேன். எல்லாவற்றையும். வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் குளுவாங்கில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றேன். இப்போது என் அடையாள அட்டை சிவப்பு; நிரந்தரவாசி, குடியுரிமை இல்லை. காலையில் சந்தைக்குப் போய்வந்ததும் யாராவது ஒரு பெண் பாரத்தோடு வாசலில் நிற்பாள். லாபிஸிலிருந்தும் பெக்கோக்கிலிருந்தும்கூட வருகிறார்கள். என்னைப் ‘பாரம் அக்கா’ என்கிறார்கள். தமிழில் பாரம் என்பதற்கு இன்னொரு பொருள் இருப்பதை யாரும் நினைப்பதில்லை.

மரத்து உச்சியில் இருந்தவருக்கு ‘அப்பா’ என்ற சொல் சரியாகக் கேட்டிருக்காது என்று ஒரு சந்தேகம் எனக்கு இருந்தது. வழக்கமான நச்சரிப்பு என்று நினைத்திருக்கலாம். வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள் நான். முப்பது ஆண்டுகள் சந்தேகத்தின் பலனை அவருக்கே கொடுத்து வந்தேன்.

ஜெனியிடம் எதையும் சொன்னதில்லை.

4

விசாரணைக் கூட்டம் அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு. செயற்குழுவில் பத்துப் பேர். தலைவர் அதே தனராஜ். அவரும் ஓய்வுபெற்றுக் குளுவாங்கிலேயே இருக்கிறார். படத்தை உருவாக்கியவர் என்ற முறையில் ஜெனியும் அழைக்கப்பட்டிருந்தாள். புகாரை நான் வாசித்தேன். என்னைப் பூசணிக்காய் என்று விவரிக்கும் கடிதத்தை நானே உரக்க வாசிப்பதற்கு விதியில் தடை ஏதும் இல்லை.

முதல் அரை மணி நேரம் ஒரு சொல்லுக்காகப் போனது.

“குறிப்புல என்னன்னு எழுதப் போறீங்க? படம் செக்சிஸ்ட்டா இல்லையான்னா?” என்று கேட்டார் லாரிப் பட்டறை வைத்திருக்கும் ராஜு.

“அந்த வார்த்தை வேணாம்” என்றார் பெரியசாமி ஐயா, குழுவில் மூத்தவர். “கூட்டக் குறிப்பு சங்கப் பதிவகத்துக்குப் போவுது. இந்த மன்றத்துல செக்ஸ் படம் போட்டாங்கன்னு நெனச்சுக்குவான்.”

“ஐயா, அது வேற, இது வேற.”

“ஒனக்கு வேற. எழுத்துல பாத்தா பாதி ஒன்னுதான்.”

‘பாலினப் பாகுபாடு’ என்று நான் முன்மொழிந்தேன். அது சம்பள விஷயம் மாதிரி இருக்கிறது என்றார்கள். ‘பெண்ணிழிவு’ என்றார் புஷ்பா. தீர்ப்பை முதலிலேயே எழுதிவிட்ட மாதிரி இருக்கிறது என்றார் ராஜு. கடைசியில் ‘பெண்களைக் குறைவாகக் காட்டுதல்’ என்று முடிவானது. பூசணிக்காயைப் பார்த்துக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது என்று ராஜு சொன்னார். சிரித்தார்கள்.

புஷ்பா சிரிக்கவில்லை. முப்பது வயதுக்காரி, நறுக்கென்று பேசுவாள்.

“நாலு விஷயம் சொல்றேன். பொம்பள குண்டு, ஆம்பள ஒல்லி. பொம்பள கையில கரண்டி. பொம்பள அழுதா அது ஜோக். நாலாவது, ஆறு நிமிஷத்துல அந்த ஆளுக்கு ஒரு வசனம் இருக்கு, ஒரே வார்த்தைன்னாலும். அந்தம்மாவுக்கு அதுகூட இல்ல. யாராச்சும் கவனிச்சீங்களா?”

யாரும் கவனித்திருக்கவில்லை. நான் உட்பட. குறிப்பில் அதை அடிக்கோடிட்டேன்.

“டீச்சர், இது எல்லார் வீட்டுலயும் நடக்கறதுதான் லா” என்றார் ராஜு. “எம் பொண்டாட்டி பாத்துட்டு அப்படிச் சிரிச்சா.”

“அவங்க சிரிச்சாங்களா, இல்ல நீங்க சிரிச்சீங்கன்னு சிரிச்சாங்களா?”

“அலமாக், அதுக்கெல்லாம் நான் எங்க போயி கேக்கறது?”

“வீட்டுக்குப் போயிக் கேளுங்க.”

பெரியசாமி ஐயாவுக்கு வேறு கவலை. படம் ஆண்களைத்தான் கேவலப்படுத்துகிறது என்றார். “புருஷன மரத்துல ஏத்தி வச்சிருக்கு. ஒரு கிராணி. தோட்டத்துல நாலு பேரு மதிச்ச மனுஷன். கோழி முட்டையில ஒக்கார வச்சிருக்கு.”

“அப்பா பார்த்திருந்தா சிரிச்சிருப்பார், அங்கிள்” என்றாள் ஜெனி. அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தவள். அவள் தமிழ் நிதானமாக வரும், மலாயில் யோசித்துவிட்டு வருகிற மாதிரி. “புஷ்பா டீச்சர், நானும் பொண்ணுதானே. நான் எப்படிப் பொம்பளைங்கள கிண்டல் பண்ணுவேன்? இது லவ் ஸ்டோரி. அவங்க அவரை விடவே இல்ல, செத்த பிறகும் விடல. அவரும் ஒளிஞ்சு ஒளிஞ்சு அங்கேயேதான் இருந்தாரு. அதான் படம்.”

“அது ஒனக்கு லவ் ஸ்டோரி, ஜெனி. தொரத்துனவங்களுக்கு என்ன ஸ்டோரி?”

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேனாவைப் பார்த்தேன்.

“எஸ்தர் அக்காவையே கேட்டுருவோமே” என்றார் ராஜு. “நம்ம ஏன் மண்டைய ஒடச்சிக்கணும்? அக்கா, சொல்லுங்க. ஒங்களுக்கு இது கொறைவா, இல்லையா?”

இதற்கும் நடைமுறை உண்டு. விவாதப் பொருளில் தனி நலன் உள்ள உறுப்பினர் கருத்துச் சொல்லவோ வாக்களிக்கவோ கூடாது. அதைச் சொன்னேன். பிரிவு எண்ணையும் சொன்னேன். புஷ்பா என்னை ஏமாற்றத்தோடு பார்த்தாள். அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று தோன்றியது. ஆனாலும் எழுதிக்கொண்டே இருந்தேன்.

ராஜு விடவில்லை. “சரி, ஒன்னே ஒன்னு. அது என்னா பாரம்? ரோட் டேக்ஸா? இன்சூரன்ஸா?”

“ஸ்கூல் பாரமா இருக்கும்” என்றார் ஒருவர்.

“லோன் எடுத்திருப்பாங்க, பைக்குக்கு” என்றார் பெரியசாமி ஐயா.

“எனக்குத் தெரியாது, அங்கிள்” என்றாள் ஜெனி. “சின்ன வயசுல பார்த்தது. அம்மா கையில எப்பவும் ஒரு பேப்பர் இருக்கும். அதனால வெள்ளையாவே வரைஞ்சிட்டேன். எல்லா அம்மாவும் ஏதாச்சும் ஒரு பேப்பரோட அப்பா பின்னாடி ஓடுவாங்கதானே?”

சிரித்தார்கள். புஷ்பாவும் கொஞ்சம் சிரித்துவிட்டாள். ஒரு மணி நேரம் அந்த மனைவியின் இடுப்பைப் பற்றியும் கரண்டியைப் பற்றியும் கண்ணீரின் வேகத்தைப் பற்றியும் பேசியவர்கள் அந்தத் தாளைப் பற்றிப் பேசியது இந்த அரை நிமிடம்தான். தனராஜ் மட்டும் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையை உற்றுப் பார்த்தபடி, “போதும். வாக்கெடுப்புக்குப் போலாம்” என்றார்.

படம் பெண்களைக் குறைவாகக் காட்டவில்லை என்று ஆறு பேர். காட்டுகிறது என்று மூன்று பேர். வாக்களிக்காதவர் ஒருவர். பரிந்துரைக் கடிதத்தை அங்கேயே தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, செயலாளர் என்ற முறையில் நானே கையெழுத்திட்டுக் கொடுத்தேன். நகல் கோப்பில் இருக்கிறது.

5

எல்லாரும் போன பிறகு நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தேன். தனராஜ் உதவ வந்தார். அவருக்கு முழங்கால் வலி. இரண்டு நாற்காலிகளை மடக்கிவிட்டு மூன்றாவதில் உட்கார்ந்துகொண்டார்.

“நீ எதுவும் சொல்லாம விட்டது நல்லது, தங்கச்சி. புள்ளைக்கு அப்பா மேல உசுரு.”

“சட்டவிதி அப்படி, அண்ணே.”

“அவன் கெட்டவன் இல்ல. பயந்தான். நீ புள்ளையத் தூக்கிட்டு ஊருக்குப் போனா திரும்ப மாட்டேன்னு அவனுக்கு ஒரு பயம். அதான் அன்னிக்குக் காலையில போன் வந்ததுமே எங்கிட்ட, அவகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ வாய வச்சிக்கிட்டு சும்மா இருன்னு சொன்னான். எனக்குத்தான் மனசு கேக்கல. மதியம் வந்து சொல்லிட்டேன்.”

கையில் இருந்த நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்தேன்.

“காலையிலயா?”

“எட்டு, எட்டரை இருக்கும். அவன்தான் போன எடுத்தான், நான் பக்கத்துல இருந்தேன்.” பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். “ஒனக்குத் தெரியும்னு நெனச்சேனே. அவன் பின்னால சொல்லியிருப்பான்னு...”

“இல்லண்ணே.”

“முப்பது வருஷமாவா?”

பயம் என்பதற்கு அந்தப் பாரத்தில் கட்டம் கிடையாது; இருந்திருந்தால் நானே நிரப்பிக் கொடுத்திருப்பேன். மரத்தில் ஏறியவர் பழம் பறிக்க ஏறவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு ஏறியிருக்க வேண்டும். என் மகள் சரியாகத்தான் வரைந்திருக்கிறாள்: அவர் ஒளிந்துகொண்டார்.

மிச்ச நாற்காலிகளை மடக்கி, கூடத்தைப் பூட்டி, சாவியைக் காவலாளியிடம் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

6

ஜெனி அன்று என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது ஒப்புதல் தாளை மேசையில் வைத்தாள்.

“மா, சைன் போட்டுடு. நான் எடுத்துட்டுப் போயிடறேன்.”

“ஏசோக்” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது, கடைசி எழுத்தை விழுங்கி, அச்சு அசலாக. ஜெனி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மா, செம்ம டைமிங். அப்படியே அப்பா மாதிரி. இன்னொரு தடவை சொல்லு, ரெக்கார்ட் பண்ணிக்கறேன்.” நான் சொல்லவில்லை. அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் கேட்டாள். கை வலிக்கிறது என்றேன். புதன்கிழமை, கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன். அன்று காலை பெக்கோக்கிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு பக்கப் பாரம் நிரப்பியிருந்தேன். அவளும் வெளிநாட்டு மனைவி. “நாளைக்கு வரச் சொல்லிடாதீங்கக்கா, பஸ்ஸு கெடைக்கறது கஷ்டம்” என்றாள். நாளைக்கு என்று யாருக்கும் நான் சொல்வதில்லை என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை ஜெனி விடுப்பு எடுத்துக்கொண்டு நேரில் வந்துவிட்டாள். கையில் தாள், பேனா. நான் துணி காயப்போடப் பின்பக்கம் போனேன், பின்னாலேயே வந்தாள். அடுப்பைப் பார்க்கப் போனேன், அங்கேயும் வந்தாள். ஒரு கட்டத்தில் நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன். அறுபத்திரண்டு வயது. வெளியே என் மகளின் குரல்.

“என்னமா வேணும் உனக்கு? படம் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு. ஒரு சைன்தானே மா. ஒரே ஒரு சைன்.”

இந்த வாக்கியத்தை நான் அறிவேன். அதை மேல்நோக்கிச் சொல்லியிருக்கிறேன்.

வெளியே வந்து, தாளை வாங்கி, இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டேன். தேதி எழுதினேன். யாருடைய கெடுவையும் நான் தவறவிட்டதில்லை. மகளிடமிருந்து தொடங்க விருப்பமில்லை. பிறகு படுக்கையறை அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழுப்பு நிறக் கோப்பை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன்.

“ராஜு கேட்டாரில்ல, என்ன பாரம்னு. இதுதான்.”

எல்லாம் அங்கே இருந்தன. நிரப்பிய பாரத்தின் நகல், அபராத ரசீது, தாமதத்துக்கு நான் எழுதிய விளக்கக் கடிதம், வெளியேறத் தந்த தனி அனுமதி, விமானச் சீட்டின் அடிக்கட்டை, பாளையங்கோட்டையிலிருந்து வந்த இறப்புச் சான்றிதழ். ஜெனிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். நல்லவேளை, என் வாழ்க்கை பெரும்பாலும் மலாயில் இருந்தது. வேகமாகப் படித்தாள். பிறகு தேதிகளை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு மறுபடி படித்தாள்.

“தாத்தா செத்ததுக்கா?”

“சாகக் கெடந்ததுக்கு. செத்தது அடுத்த நாள்.”

“அந்த ரம்புத்தான் மரம்... அது இந்த நாளா?”

“ஆமா.”

“எல்லாரும் சிரிச்சாங்களே மா. நீயும் சிரிச்சியே.”

“கோழி நல்லா நீந்துச்சு.”

அவள் கோப்பின் முதல் தாளுக்குத் திரும்பினாள். “நான் அன்னிக்கு என்ன பண்ணிட்டு இருந்தேன்?” என்றாள்.

“பழம் பொறுக்கிட்டு இருந்த. அஞ்சு வயசு.”

“சிரிச்சேனா?”

“அஞ்சு வயசு, ஜெனி.”

கையெழுத்திட்ட ஒப்புதல் தாள் கோப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. மறுநாள் மதியத்துக்குள் கோலாலம்பூருக்குப் போக வேண்டும். அதை அவள் தொடவில்லை. தொலைபேசியை எடுத்துப் படத்தை ஓடவிட்டாள், சத்தமில்லாமல். மரத்தடிக் காட்சியில் நிறுத்தினாள். வெள்ளைத் தாளை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். பெரிதாக்கப் பெரிதாக்க வெள்ளை மட்டும் வந்தது.

பிறகு நிமிர்ந்து, நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள்.

“அப்பாவுக்குத் தெரியுமா மா? தாத்தா சீரியஸ்னு. மரத்துல ஏறறப்பவே தெரியுமா?”

ஐந்து நாளைக்கு முன்பு கேட்டிருந்தால், தெரியாது என்று சொல்லியிருப்பேன். அது பொய்யாக இருந்திருக்காது. சுவரில் அருள்தாஸ் மாலைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்தவர். அவர் மீசை அசையவில்லை.

“ஏசோக்” என்றேன்.

ஜெனி சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டு, கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்தாள். அப்படி உட்காருவது எப்படி என்று எனக்குத் தெரியும். கவுண்டரில் தன் எண்ணைக் கூப்பிடும்வரை எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.